மதில் தாண்டும் செல்கள்

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு மதில்கள் என்பது திருச்சியில் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். மார்பகத்தின் பால் குழாய்களுக்கோ மெல்லிய சவ்வு ஒன்றே மதில். குழாயினுள் அளவின்றிப் பெருகிய செல்கள் அச்சவ்வைத் துளைத்து வெளியேறினால், அதுவே ஊடுருவும் மார்பகப் புற்றுநோய் ஆகும்.

செல்கள் ஏன் கட்டு மீறுகின்றன? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் ஆன ஏடு. அதிலுள்ள கட்டளைகளே ஜீன்கள். செல் பிரியுமுன் ஏடு முழுவதும் பிரதி எடுக்கப்படுகிறது. அப்போது பிழை நேர்ந்து, திருத்தப்படாமல் நிலைத்துவிடலாம். இதுவே சடுதி மாற்றம். பெரும்பாலான பிழைகளால் தீங்கில்லை. ஆனால், டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் பி.ஆர்.சி.ஏ. ஜீன்களே பழுதானால் பிழைகள் குவியும். இப்பழுது தாய் வழியாக மட்டுமன்றித் தந்தை வழியாகவும் வரலாம். எனினும், நோயுற்றவருள் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே நோய் பரம்பரையாக வருகிறது.

பிறவிப் பிழையையும் பின்னர் நேர்ந்ததையும் பிரித்தறிவது எப்படி? ஒருவரின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் இருப்பது பொதுவாகப் பிறவிப் பிழை. கட்டியில் மட்டும் இருப்பது பின்னர் நேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. 2025-இல் வெளியிட்ட புற்றுநோய் ஜீன் தொகுப்புக்காக 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் இரத்தம், திசு ஆகியவற்றில் 960 ஆய்வுகள் செய்யப்பட்டன.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? ஒரே அளவுள்ள கட்டியுடன் மூன்று பெண்கள் வருவதாகக் கொள்வோம். முதற் பெண்ணின் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் மிகுதி; அவற்றை அடைக்கும் டமாக்சிஃபென் போன்ற மருந்து அவருக்கு உதவும். அடுத்தவருக்கு ஹெர்-2 என்னும் புரோட்டீன் மிகுதி. அவருக்கு டிராஸ்டுசுமாப் ஏற்றது. மூன்றாமவருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் இல்லை, ஹெர்-2 மிகுதியும் இல்லை. இவ்விரு மருந்துகளும் அவருக்குப் பயன்படா, வேறு சிகிச்சை வேண்டும். நோயின் பெயர் ஒன்றே, மருந்தோ வேறு. இவ்வாறு வழிகாட்டுபவை உயிர்க்குறிகள் எனப்படும்.

ஹெர்-2 சோதனை ஒன்றில் எங்கள் இயற்பியலுக்கும் பங்குண்டு. அந்த ஜீனில் ஒட்டும் சாயம், தக்க ஒளி பட்டதும் புள்ளியாக ஒளிரும். இயல்பான செல்லில் பொதுவாக இரண்டு புள்ளிகள். ஜீன் பெருகிய செல்லில் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள்!

ஆனால், சோதிக்கத் திசு வேண்டும். அதற்கு நோயாளி மருத்துவரிடம் வரவேண்டும். மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்றும், வெளியே சொல்லக் கூச்சமென்றும் நாள் கடத்துவோர் நம் தெருவிலும் உண்டு. இதைப் படிக்கும் மாணவர்களே, இன்றே வீட்டில் உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் இதைச் சொல்லுங்கள்.