மருந்துக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம்

ஆட்டிசம் உள்ள பிள்ளை அடிக்கிறான் என்பதைப் பெற்றோர் எளிதில் வெளியே சொல்வதில்லை. பேச்சு வரவில்லை என்பார்கள், வகுப்பில் உட்காரவில்லை என்பார்கள். கையில் பதிந்த பல் தடத்தை மட்டும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். சொன்னால் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் முகமும் மாறும். ஆனால் இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. அமெரிக்காவில் 1,380 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் 68 சதவீதம் பேர் வளர்ப்பவர்களை ஒரு முறையாவது தாக்கியிருந்ததாகப் பெற்றோரே சொல்லியிருந்தார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளையின் அடியை வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதில் அதே கைக்கு வலு வந்துவிடுகிறது, அம்மாவுக்கோ வயது கூடிவிடுகிறது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் டாக்டர் சீட்டில் ரிஸ்பெரிடோன் என்று எழுதுகிறார். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால் மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று வருகிறது. பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளை மந்தமாகிவிடுவான், கொடுக்காதே என்கிறார் பாட்டி. மருந்து கொடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்கிறது பள்ளி. கொடுக்கலாமா, கூடாதா என்ற அந்தக் கேள்விக்கு அறிவியலிடம் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அதைப் பெற்றோர் முழுதாகக் கேட்டாக வேண்டும்.

முதலில் மருந்தின் பக்கம். யேல், ஒஹாயோ ஸ்டேட், இண்டியானா, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், பால்டிமோரின் கென்னடி கிரீகர் நிறுவனம் ஆகிய ஐந்து இடங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. 5 முதல் 17 வயது வரையிலான 101 குழந்தைகள் அதில் இருந்தார்கள். கடுமையாக அடிப்பவர்கள், தங்களையே காயப்படுத்திக்கொள்பவர்கள், அடங்காத ஆத்திரம் வருபவர்கள். 49 பேருக்கு ரிஸ்பெரிடோன், 52 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவர்களுக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களில் 69 சதவீதம் பேரிடம் தெளிவான முன்னேற்றம். போலி மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேரிடம் மட்டுமே.

போலி மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு செக்ரெடின் கதையைச் சொல்ல வேண்டும். வயிற்றுப் பரிசோதனைக்காக இந்த ஹார்மோனைச் செலுத்திய பிறகு ஒரு சிறுவனின் பேச்சும் கண்ணோடு கண் பார்ப்பதும் மேம்பட்டதாக 1990களின் இறுதியில் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். 1999இல் 60 குழந்தைகளிடம் சோதித்தபோது, செக்ரெடின் பெற்றவர்களும் வெறும் உப்பு நீர் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறியிருந்தார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம்பிக்கை அவ்வளவு தேவைப்படுகிற வாழ்க்கை அது. அதனால்தான் பெற்றோரின் கண்ணை மட்டும் நம்பி மருந்தை எடைபோட முடியாது.

அந்தக் கடுமையான சோதனையைத் தாண்டி வந்தது ரிஸ்பெரிடோன். ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும் அதைக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் அனுமதித்தது. 2009இல் அரிப்பிப்ரசோலையும் சேர்த்தது. எல்லா மருந்துகளும் இப்படித் தேறிவிடவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும் பழக்கத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்த சிட்டலோப்ராம், 149 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் போலி மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. ஆக, ஆக்ரோஷத்துக்கு மருந்து வேலை செய்யுமா என்றால், இந்த இரண்டும் பலருக்கு வேலை செய்கின்றன. ஆனால் இவை ஆட்டிசத்துக்கான மருந்துகள் அல்ல. மூளையில் டோபமின், செரடோனின் ஆகியவற்றின் சமிக்ஞைகளை மாற்றி ஆத்திரத்தின் வேகத்தைத் தணிக்கின்றன, அவ்வளவே. பேச்சைக் கொண்டுவருவதோ பழகக் கற்றுக்கொடுப்பதோ இவற்றால் ஆகாது. அந்தப் பிள்ளை எதற்காக அடித்தான் என்பதும் இவற்றுக்குத் தெரியாது.

நான் அதிகம் கவலைப்படுவது இந்த 'எதற்காக' பற்றித்தான். 1982இல் உளவியலாளர் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவும், தங்களையே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சூழலில் கடினமான வேலை கொடுத்தார்கள், இன்னொன்றில் தனியாக விட்டார்கள், மற்றொன்றில் அடித்துக்கொண்டால் மட்டும் ஓடிவந்து கவனித்தார்கள். வெளியே பார்க்க ஒரே செயல். ஆனால் ஒருவனுக்கு அது பாடத்திலிருந்து தப்பிக்கும் வழி, இன்னொருவனுக்கு ஆளை அருகே அழைக்கும் குரல். மூன்று ஆண்டுகள் கழித்து எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த படிக்குப் போனார்கள். பாடம் கடினமானதும் அடிக்கும் பிள்ளைக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னவுடன் உதவி கிடைத்தது. அடி வெகுவாகக் குறைந்தது. பேச முடியாத பிள்ளைக்கு ஒரு பட அட்டையோ கை சைகையோ இதே வேலையைச் செய்யும்.

காரணம் உடலிலும் இருக்கலாம். 'பல் வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாத பிள்ளை தாடையில் அறைந்துகொள்வான். காது சீழ், நாள்பட்ட மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண் குழந்தைக்கு மாதவிலக்கு வலி, இரவுத் தூக்கமின்மை எல்லாமே மறுநாள் அடியாகவும் கடியாகவும் வெளிவரலாம். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் சில குழந்தைகளுக்கு ஆத்திரத்தைக் கூட்டுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆக்ரோஷம் அந்த மருந்தைத் தொடங்கிய பிறகு வந்ததா என்று பெற்றோர் யோசித்துச் சொன்னால் போதும், டாக்டர் மாற்று தேடுவார். தாங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பு திரும்பலாம்.

எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று அடித்தான் என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். மருத்துவமனையில் தங்கியிருந்த 20 பிள்ளைகளின் மணிக்கட்டில் உணர்கருவி கட்டி ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. இதயத் துடிப்பு, தோலின் வியர்வை, உடல் அசைவு ஆகியவற்றைக் கொண்டு, அடி விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பே ஓரளவு நல்ல துல்லியத்தோடு கணிக்க முடிந்தது. வெளியே அமைதியாக நிற்கிற பிள்ளையின் உடலுக்குள் புயல் ஏற்கெனவே கிளம்பியிருக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெற்றோரிடம் இருக்கும் மிக நல்ல கருவி ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரம் எழுதுங்கள். அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நாம் என்ன செய்தோம். நேரம், தூக்கம், மலம் கழித்தது, சாப்பிட்டது. நாள் முடிவில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை. குக்கர் விசிலா, பள்ளி வேன் வேறு வழியில் போனதா, செல்போனைப் பிடுங்கியதா என்பது பல வீடுகளில் இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் அந்த எண்ணிக்கை வீண்போகாது. நாளை மருந்து தொடங்கினால் அது பலன் தருகிறதா என்று ஒப்பிட வேறு எது இருக்கிறது?

பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சியின் பலனையும் மருந்தைப் போலவே சோதித்திருக்கிறார்கள். 3 முதல் 7 வயது வரையிலான 180 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்ட ஆய்வு 2015இல் வந்தது. ஆட்டிசம் பற்றிய தகவல்களை மட்டும் பெற்ற பெற்றோரின் வீடுகளில் எரிச்சல் மதிப்பெண் 31.8 சதவீதம் குறைந்தது. நடத்தையைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களின் வீடுகளில் 47.7 சதவீதம் குறைந்தது. முன்னதாக 2009இல் வந்த ஆய்வில், மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் சேர்ந்த குழந்தைகள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் சற்றுக் குறைவு.

ஆனால் 'தெரபிதான் முதலில், மருந்து கடைசியில்' என்று ஒரே அடியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ணில் குத்திக்கொள்ளும் பிள்ளை, சுவரில் தலையை மோதி இரத்தம் வரவழைக்கும் பிள்ளை, கைக்குழந்தைத் தங்கை இருக்கும் வீட்டில் பொருட்களை எறியும் பிள்ளை இவர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. ஓயாமல் ஆத்திரத்தில் இருக்கும் பிள்ளையால் எந்தத் தெரபியிலும் உட்கார முடியாது. அங்கே மருந்து மற்ற எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடுகிறது. அப்படிக் கொடுக்கிற பெற்றோர் யாரிடமும் குற்றவாளியாக நிற்கத் தேவையில்லை. சிறு ஊரில் தெரபிஸ்ட் இல்லை, வகுப்பில் உதவிக்கு ஆள் இல்லை என்பதற்காகவே ஒரு பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க நேர்வதுதான் அநியாயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர் அல்லர்.

விலையையும் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். 2002 ஆய்வில் எட்டே வாரத்தில் மருந்து எடுத்த குழந்தைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.8 கிலோ. பசி அடங்காது, சாதத்தட்டை விட்டு எழ மாட்டான். தூக்கக் கலக்கம் பெரும்பாலும் முதல் வாரங்களில் அதிகம். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுவதால் சில பையன்களுக்கு மார்பு வளரும். அரிப்பிப்ரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நாக்கும் உதடும் தானாக அசையும் நிலை அபூர்வம்தான், ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் தங்கிவிடலாம். நம்மவர்களுக்கு அதிகம் பருமன் இல்லாதபோதே சர்க்கரை நோய் வருவதால் எடையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு இவற்றைப் பார்த்து எழுதிவைத்து, சில மாதங்களில் மறுபடி பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். எடை ஏறினால் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் உதவுகிறது என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது.

எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் பலனையும் பக்கவிளைவையும் பார், ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லையென்றால் நிறுத்து என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி. அப்படிச் சொல்லும் நாட்டிலேயே, உரிய மனநோய் எதுவும் கண்டறியப்படாமல் மனநல மருந்து எடுத்துவரும் கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்கள் 30,000 முதல் 35,000 பேர் இருக்கலாம் என்று 2015இல் அரசு அமைப்பு ஒன்று மதிப்பிட்டது. தொடங்கிய மருந்தைத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பலன் கிடைத்த பிள்ளைக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2002இல் ஆய்வு நடத்திய அதே குழு, சுமார் ஆறு மாதம் ரிஸ்பெரிடோனில் நன்றாக இருந்த 32 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. 16 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தது. மற்ற 16 பேருக்கு வாரம் வாரமாகக் குறைத்து, யாருக்கும் தெரியாமல் போலி மாத்திரைக்கு மாற்றியது. தொடர்ந்தவர்களில் 2 பேருக்கு ஆக்ரோஷம் திரும்பியது, மாற்றப்பட்டவர்களில் 10 பேருக்கு. அந்த 10 பேருக்கு மருந்து இன்னும் தேவைப்பட்டது. மீதி 6 பேருக்கு ஆய்வு நடந்த அந்த வாரங்களில் மருந்து இல்லாமலே முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. டாக்டரின் மேற்பார்வையில், பள்ளி மாறாத, வீடு மாறாத ஒரு மாதத்தில், மெல்லக் குறைத்து, நோட்டில் எண்ணிக்கை எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.