தோற்பவர் கூறும் சொல்

சதுரங்கம் ஆடுவோர் ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிதல் மரபு. கணிப்பொறி விளையாட்டிலோ எதிரெதிரே அமராது, தொலைவிலிருந்து ஆடுவோரே மிகுதி. அவர்கள் கைகுலுக்குவது எங்ஙனம்? அதற்கும் ஒரு வழி கண்டனர்.

1998-ஆம் ஆண்டில் 'ஸ்டார்கிராப்ட்' என்னும் போர் விளையாட்டு வெளிவந்தது. தென்கொரியாவில் அது பெரும்புகழ் எய்தியது. போட்டிகள் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. இவ்விளையாட்டில் எதிராளியிடம் எழுத்தால் உரையாடலாம். எனினும், கவனத்தைக் கலைக்கும் வீணுரையை அங்குப் போட்டி விதிகள் தடுத்தன.

இனி வெல்ல இயலாது என்று உணர்ந்த ஆட்டக்காரர், 'ஜி ஜி' என்னும் இரண்டு எழுத்துகளைப் பதித்துவிட்டு விலகுவார். 'நல்ல ஆட்டம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. தோல்வியை ஒப்புதலும், வென்றவரைப் பாராட்டுதலும் அவற்றில் அடங்கும்.

அவ்வெழுத்துகளையே வெல்லும் நிலையில் இருப்பவர் முந்திப் பதித்தால் என்னாகும்? 'நீ தோற்றாய், இன்னும் ஏன் ஆடுகிறாய்?' என்னும் இகழ்ச்சியாக அது கொள்ளப்படும். சொல் ஒன்றே, சொல்பவரும் காலமும் மாறியதால் பாராட்டு பழிப்பாயிற்று.

தோல்வி போலத் தோன்றிய ஆட்டம் வெற்றியாக மாறுவதும் உண்டு. ஆதலின், முடிவைக் கூறும் உரிமை தோற்பவருக்கே உரியது. அதுவரை வெல்பவர் நாவடக்கத்துடன் காத்திருத்தல் வேண்டும். எதிராளி 'ஜி ஜி' என்றபின் தாமும் அதனையே மறுமொழியாகத் தருதல் நன்று. முகங்காணா இருவர் கைகுலுக்கும் முறை இதுவேயாகும்.