கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். பாதம் எரிகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரிவதில்லை. வீட்டார் எச்சில் மாதிரி அனுப்பி மரபணு ரிப்போர்ட் வாங்குகிறார்கள். அதில் ஒரு வரி: எம்டிஎச்எஃப்ஆர் மரபணு, சி677டி, இரு பிரதிகளிலும் மாற்றம். உடனே, 'உங்களுக்குச் சாதாரண ஃபோலிக் அமிலம் ஒத்துவராது, விலை கூடிய மெத்தில்ஃபோலேட்தான் வேண்டும்' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் பொய் இல்லை. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியில் ஓரிடத்தில் 'சி' போய் 'டி' வந்திருக்கிறது. ஃபோலேட்டை மெத்தில்ஃபோலேட்டாகப் பக்குவப்படுத்தும் நொதி அதனால் மந்தமாகிறது. ஆனால், அதே அளவு ஃபோலிக் அமிலம் சாப்பிடும், இந்த மாற்றம் இல்லாதவர்களைவிட, இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ளவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் சராசரியாக 16 சதவீதம்தான் குறைவு. சாதாரண ஃபோலிக் அமிலமும் இவர்களுக்குப் பயன்படும் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் தெளிவாகவே சொல்கிறது.

மதகு குறுகல் என்பது ஒரு செய்தி. கடைமடை வயலில் தண்ணீர் நிற்கிறதா என்பது வேறு செய்தி. டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரபணு முதலாவதைச் சொல்லும். இரண்டாவதை ரத்தம்தான் சொல்லும்.

பாதம் எரியும் நம் நோயாளியிடம் முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் மட்டுமே; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாக அது நமக்கு வருகிறது. அரிசியிலும் சாம்பாரிலும் கிடையாது. செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12-உம் சேர்க்க விதித்திருக்கிறார்கள். கால் கிலோ அரிசி சாப்பிட்டாலும் பி12 அதிகபட்சம் 0.3 மைக்ரோகிராம்தான், நாளொன்றுக்குத் தேவையோ 2-க்கு மேல்.

பி12 குறைந்திருப்பவர் ஃபோலேட்டை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறக்கூடும், முகம் தெளியக்கூடும். உள்ளே நரம்பு சிதைவது நிற்காது. நாளானால் அது திரும்பாத சேதமாகிவிடும். எனக்குக் கவலை தருவது இதுதான். ரத்தத்தில் பி12 அளவையும், பி12-ஓ ஃபோலேட்டோ குறைந்தால் கூடும் ஹோமோசிஸ்டீன் அளவையும் பார்க்காமல் ஃபோலேட் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

மரபணுவே மருந்தைக் காட்டித்தரும் இடமும் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கும் சத்து தயமின். புழுங்கலரிசியின் பெருமையே அதுதான். அதை உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்கும் புரதங்களில் ஒன்றை எஸ்எல்சி19ஏ2 என்ற மரபணு செய்கிறது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் சிறு வயதிலேயே ரத்தசோகை, சர்க்கரை நோய், காது கேளாமை மூன்றும் சேர்ந்து வரும். மிக அரிய நோய். அதிக அளவில் தயமின் கொடுத்தால் ரத்தசோகை விலகுகிறது, சிலருக்கு இன்சுலின் தேவையும் குறைகிறது. ஒரு வைட்டமின் மாத்திரை இவ்வளவு செய்கிறது! இப்படிப்பட்ட குழந்தைக்கு மரபணுப் பரிசோதனையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.