புள்ளி போகாமல் படத்தைச் சுருக்குவது

இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிற சாதாரண போனில் ஒரு போட்டோ எடுத்தால் நாலு எம்பி, ஐந்து எம்பி வருகிறது. அதை அப்படியே இணையதளத்தில் ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகிறது. சரி, சுருக்குவோம் என்று ஒரேயடியாகச் சுருக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடுகிறது. எங்கள் நெய்வேலியில், அடுத்த குவார்ட்டர்ஸ் பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் லேப்டாப்பும் கையுமாக வந்தாள்.

அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு வேலை பார்த்தவர்கள் வீட்டு பீரோக்களில் கிடக்கிற பழைய படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு தளத்தில் சேர்த்துவருகிறாள். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த ஊர் இது. 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. சுரங்கம் விரிய விரிய, அங்கே இருந்த கிராமங்கள் பெயர்ந்து போய்விட்டன. அவற்றையெல்லாம் இனி எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. பார்க்க விரும்புகிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பேரன் புதுசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போன பழைய போன்தான் அவர்கள் கையில் இருக்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் மூடி வைத்துவிடுவார்கள். படம் வந்தும் முகம் தெரியவில்லை என்றால் வந்தே பயனில்லை. அதனால் அவள் கேட்டதைச் சின்ன விஷயமாக எனக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அங்கிள், சேவ் பண்ணும்போது குவாலிட்டி எவ்வளவுன்னு கேக்குது. ஒரு நம்பர் சொல்லுங்க, எல்லாத்துக்கும் அதையே போட்டுடறேன்."

"நம்பர் அப்புறம்மா. முதல்ல படத்தோட அகலத்தைப் பாரு."

4000 பிக்சல் அகலம், 3000 உயரம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பார்க்கிறவர் போனின் திரை அகலமோ பெரும்பாலும் 1080 பிக்சல் அளவில்தான் இருக்கும். கூடுதலாக இருப்பதெல்லாம் அவருடைய டேட்டாவைச் செலவழித்து இறங்கி, போனுக்குள் வந்த பிறகு சுருக்கிக் காட்டப்படுகிறது. அதையே நாம் முன்கூட்டி 1200-க்கு 900 என்று குறைத்துவிட்டால் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல்தான், அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. குவாலிட்டி எண்ணைத் தொடாமலேயே 5 எம்பி படம் அரை எம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். சிக்னல் சுமாராக, நொடிக்கு 4 மெகாபிட் வருகிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 எம்பி என்பது 40 மெகாபிட், இறங்கப் பத்து நொடி ஆகும். பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் நூறு நொடி. அதே படங்கள் ஒவ்வொன்றும் 150 கேபி என்றால் பத்தும் சேர்ந்து மூன்று நொடியில் வந்துவிடும். பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிற பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்று கூகுள் ஒரு வரையறை வைத்திருக்கிறது. அகலத்தைச் சரிசெய்யாமல் குவாலிட்டியை மட்டும் குறைத்து அந்த நேரத்துக்குள் வருவது கஷ்டம். வந்தாலும் படம் உருப்படியாக இருக்காது.

தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் தவிப்பதும் இதே காரணத்தால்தான். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் போட்டோவை 20-லிருந்து 50 கேபிக்குள் கேட்கிறது. 200-க்கு 230 பிக்சல் போதும் என்றும் சொல்கிறது. அது வெறும் 46,000 பிக்சல். அந்த அளவுக்கு ரீசைஸ் செய்துவிட்டால் நல்ல குவாலிட்டியிலேயே 50 கேபிக்குள் அடங்கும். அதைச் செய்யாமல் முழுப் படத்தை வைத்துக்கொண்டு குவாலிட்டியை மட்டும் இறக்கிக்கொண்டே போவதால்தான் முகம் கரைந்துபோகிறது.

இனி குவாலிட்டி. அந்த எண் உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாமல் அதைத் திருகக் கூடாது.

போட்டோக்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஜேபெக் வடிவம், படத்தை முதலில் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தில் 64 எண்கள். அந்த 64 எண்களும் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. முதல் எண் கட்டத்தின் மொத்த வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள், கட்டத்துக்குள் ஓடும் வரிகள் எவ்வளவு அழுத்தமாக இருக்கின்றன என்று சொல்பவை. முதலில் அகலமான வரிகள் வரும், போகப் போக மெல்லிய வரிகள், கடைசி மூலையில் மிக நுணுக்கமானவை. இதுவரை எதுவும் தொலையவில்லை. எழுதும் முறைதான் மாறியிருக்கிறது.

இந்த மாற்றலுக்கு டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர் நம் பக்கத்துக்காரர், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 1972-ல் இந்த யோசனையை எழுதி அந்த நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் சொன்னதாகப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை, 1973 கோடையில் அதிலேயே உட்கார்ந்தார். ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரும் சேர்ந்துகொள்ள, 1974 ஜனவரியில் மூன்று பெயரோடு கட்டுரை வெளிவந்தது. ராவ் சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1992-ல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது இவர்கள் கணக்குதான் அதன் நடுவில் இருந்தது. நம் போன்களில் நாள்தோறும் ஓடுகிற கணக்கு இது. இந்த மூன்று பெயர்களும் நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டியவை என்பது என் ஆசை.

தொலைப்பது அடுத்த படியில் நடக்கிறது. 64 எண்களில் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். கடைக்காரர் காசை விட்டுவிட்டு ரூபாயாகச் சொல்வது மாதிரிதான். முதல் எண்ணுக்கு வகுக்கும் எண் சின்னது, நுணுக்கமான வரிகளுக்குப் பெரியது. ஏனென்றால் மொத்த வெளிச்சம் பிசகினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும், மெல்லிய வரி போனால் பெரும்பாலும் கவனிக்காது. குவாலிட்டி எண் என்பது இந்த வகுக்கும் எண்களை மொத்தமாகக் கூட்டிக் குறைக்கிற திருகு.

"ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க அங்கிள்" என்றாள். டீ டம்ளரை நகர்த்திவிட்டு ஒரு தாளில் போட்டோம். பரவலாகப் பயன்படுகிற ஜேபெக் நிரலில், குவாலிட்டி 50 என்றால் கடைசி மூலைக்கு வகுக்கும் எண் 99. அங்கே நம் படத்தில் 40 இருக்கிறது என்று வைப்போம். 40-ஐ 99-ஆல் வகுத்தால் 0.4, முழு எண்ணாக்கினால் பூஜ்ஜியம். அந்த வரி போயே போய்விட்டது. குவாலிட்டி 75 என்றால் வகுக்கும் எண் 50. விடை 0.8, அது 1 ஆகிறது. திரும்ப விரிக்கும்போது 50 என்று வரும், கொஞ்சம் பிசகு, ஆனால் வரி இருக்கிறது. 90 என்றால் வகுக்கும் எண் 20. விடை 2, விரித்தால் அதே 40. பூஜ்ஜியங்கள் எவ்வளவு அதிகமோ கோப்பு அவ்வளவு சின்னது, வரிசையாக வரும் பூஜ்ஜியங்களை ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம் என்பதால்.

தாளை மடித்து வைத்துவிட்டு அவள் கொண்டுவந்த படங்களைப் பார்த்தோம். அங்கேதான் "ஒரே நம்பர்" என்பது நிற்கவில்லை.

முதல் படம், சுரங்கத்தில் மேல்மண் அள்ளுகிற பக்கெட் வீல் இயந்திரம். கீழே பரந்து கிடக்கிற மண்ணும் புழுதியும். ஒவ்வொரு மணலும் ஒரு நுணுக்கம், அதனால் கட்டத்துக்குக் கட்டம் எண்கள் நிரம்பி வழிகின்றன, கோப்பு பெருக்கிறது. ஆனால் அந்த மண்ணில் பாதி நுணுக்கம் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? 70-க்கு இறக்கினோம். இயந்திரத்தின் கம்பிகளும் ஓரமாக நிற்கிற ஆட்களின் முகமும் கெடவில்லை. அளவு நன்றாகக் குறைந்தது.

இரண்டாவது, அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சாயங்கால வானம். வானத்தில் நுணுக்கமே கிடையாது, கோப்பு தானாகவே சின்னது. ஆனால் 50-க்குக் கீழே போனதும் வானம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகவும் கட்டமாகவும் உடைந்தது. மெதுவாக மாறுகிற வெளிச்சம் தாவித் தாவி மாற ஆரம்பித்துவிட்டது. வழவழப்பான இடத்தில்தான் கண் குற்றம் கண்டுபிடிக்கும். 85 வைத்தோம். வானம் சீரானது, மண் படத்தைவிட அப்போதும் கோப்பு சின்னதாகவே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் இயல்பாக இதற்கு நேர்மாறாகத்தான் செய்வோம். விவரம் நிறைந்த படத்துக்குக் குவாலிட்டி அதிகம் வேண்டும், வெறும் வானத்துக்கு எதற்கு என்று தோன்றும். தளங்கள் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2016-ல் தன் வழக்கமான குவாலிட்டி அளவை 90-லிருந்து 82-க்குக் குறைத்தது. பொதுவான படங்களுக்கு அது நல்ல நடு அளவு. ஆனால் அதற்கு நம் மணலும் தெரியாது, வானமும் தெரியாது.

மூன்றாவதில்தான் ரொம்ப நேரம் நின்றோம். ஒரு பழைய விழா அழைப்பிதழ். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. ஜேபெக்குக்கு எழுத்து என்றால் ஆகாது. கறுப்பு சட்டென்று வெள்ளையாக மாறும் ஓரத்தைச் சரியாகச் சொல்ல மெல்லிய வரிகள் எல்லாமே தேவை, அவற்றைத்தான் முதலில் வெட்டுகிறோம். அதனால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு படிகிறது. ஆங்கில எழுத்தாவது தப்பித்துக்கொள்ளும். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்கிறதே! சின்ன எழுத்தில் அது மூன்று, நான்கு பிக்சல்தான் வரும். அழுக்கோடு கரைந்தால் பல் என்பது பல ஆகிவிடும். நிறத்திலும் ஒரு சிக்கல். கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிற அளவு நிறம் துல்லியமாகத் தெரியாது என்பதால், ஜேபெக் வழக்கமாக இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறத்தைத்தான் வைக்கிறது. மஞ்சளில் சிவப்பு எழுத்துக்கு நிறமும் முக்கிய வேற்றுமை. அது பரவினால் ஓரம் பிசுபிசுக்கிறது. நம் அழைப்பிதழ்களில் பெரும்பாதி இந்த நிறங்களில்தான் இருக்கும்.

எழுத்துக்கு பிஎன்ஜி வடிவம். அது எதையும் தொலைக்காது. ஆனால் பழைய தாளை ஸ்கேன் செய்து அப்படியே பிஎன்ஜி ஆக்கினால் தாளின் அழுக்கு, மடிப்பு எல்லாவற்றையும் விசுவாசமாகச் சேமித்து, கோப்பு ஜேபெக்கைவிடப் பெருத்துவிடும். முதலில் தாளின் நிறத்தை ஒரே நிறமாக வெளுத்துவிட்டு, மொத்த நிறங்களைப் பதினாறு என்று குறைத்துச் சேமித்தோம். புள்ளி ஒவ்வொன்றும் நின்றது. அகலத்தையும் 1200-க்கு இறக்கவில்லை. விரித்துப் படிக்கிறவர்களுக்காகப் பெரிய அளவில் தனியாக ஒரு இணைப்பு. அழைப்பிதழில் இருப்பதைக் கீழே தட்டச்சு செய்துவிடச் சொன்னேன். தேடினால் கிடைக்கும், கண் மங்கியவருக்கு போன் வாசித்தும் காட்டும்.

"வெப்பின்னு ஒண்ணு சொல்றாங்களே?" ஆமாம், கூகுள் 2010-ல் கொண்டுவந்த பட வடிவம். ஒப்பிடத்தக்க தெளிவில் ஜேபெக்கைவிட 25-லிருந்து 34 சதவீதம் சின்னதாக வரும் என்பது அவர்கள் கணக்கு. இப்போது எல்லா பிரவுசரும் காட்டுகிறது, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெப்பியின் 75-ம் ஜேபெக்கின் 75-ம் ஒன்றல்ல. எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தின் கீழே இருக்கிற படங்கள், பார்ப்பவர் அங்கே வரும்போது இறங்கினால் போதும் என்ற ஏற்பாடும் வேண்டும். முதல் படத்துக்கு மட்டும் அது கூடாது.

சரிபார்ப்பது எப்படி என்றால், லேப்டாப்பில் நாலு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு குறை தேடினால் எந்தப் படமும் தேறாது. 60, 75, 85 என்று மூன்றாகச் சேமித்து, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் வழக்கமாகப் பிடிக்கிற தூரத்தில் பார்க்க வேண்டும். படத்தை முழுதாகப் பார்ப்பதைவிட, முதலில் எது கெடும் என்று தெரிகிற இடத்தைப் பார்க்க வேண்டும்: முகம், வானம், எழுத்தின் புள்ளி. அங்கே வித்தியாசம் தெரியாத மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

அவளிடம் இருந்த சில படங்கள் என்ன செய்தும் தேறவில்லை. விசாரித்தால், வாட்ஸ்அப்பில் நாலைந்து கைமாறி வந்தவை. வாட்ஸ்அப் போட்டோவாக அனுப்பும்போது அளவைக் குறைத்து மறுபடி சுருக்குகிறது. அதைச் சேமித்து, வெட்டி, மறுபடி அனுப்பினால் மறுபடி ஒரு வகுத்தல். போன வரி திரும்பி வராது. "டாக்குமென்டா அனுப்பச் சொல்லும்மா, தொடாம அப்படியே வரும். பெரியவங்களுக்குத் தெரியலன்னா நீயே ஒரு நடை போய் ஸ்கேன் பண்ணிட்டு வந்துடு" என்றேன்.

"ஏத்தினதுக்கு அப்புறம் பெரிய ஃபைலை அழிச்சிடலாமா அங்கிள்? லேப்டாப் நிறைஞ்சுபோச்சு."

அழிக்கவே கூடாது. இத்தனை நேரம் பேசியதெல்லாம் தளத்துக்குப் போகிற நகலுக்குத்தான். ஸ்கேன் செய்த முதல் கோப்பு எதையும் தொலைக்காத வடிவத்தில், டிஃப் அல்லது பிஎன்ஜியாக, இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று எங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும் என்று சொன்னேன். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, இடம், யார் வீட்டுப் படம் என்று எழுதிவிட வேண்டும். திரைகள் மாறி, வெப்பிக்கு அடுத்து வேறொன்று வரும்போது, சுருக்கியதை மறுபடி சுருக்காமல் இதிலிருந்தே புதிதாக நகல் எடுத்துக்கொள்ளலாம்.