செமினி - லெங்கெங் - புரோகா: சைக்கிள் சுற்றுக்கு இடப்பக்கமே நல்லது

ஞாயிறு காலையில் செமினி பட்டணத்தில் நின்றால், ஹெல்மெட் அணிந்து கூட்டங்கூட்டமாகப் போகும் சைக்கிளோட்டிகளைக் காணலாம். நம் இளைஞர்கள் சிலரும் இப்போது சேர்ந்துகொள்கிறார்கள். "எந்தப் பாதையில் போகலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது செமினி, மந்தின், லெங்கெங், புரோகா சுற்று. தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சிலாங்கூரில் தொடங்கி, நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்து, மீண்டும் சிலாங்கூருக்கே வந்து சேரும் பாதை இது.

இதை எந்தத் திசையில் சுற்றுவது என்பதுதான் முக்கியம். முதல் தடவை நான் புரோகா பக்கமாகப் போனேன். மேடுகளை எளிதாகக் கடந்தாலும், மந்தினிலிருந்து திரும்பியபோது மணி பத்தாகிவிட்டது. பழைய கூட்டரசுச் சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உரசுவதுபோல் கடந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் வலப்பக்கம் திரும்ப, எதிரே வரும் வாகனங்களுக்குக் காத்து நடுச்சாலையில் நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது கால் வலியைவிடப் பயமே அதிகம்.

அதனால் கடிகார முள்ளுக்கு எதிராக, இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் அல்லவா? இப்படிச் சுற்றினால் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கமே அமையும். எதிர் வாகனங்களைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வாகனம் மிகுந்த செமினி - பெரானாங் - மந்தின் பகுதியும் விடிந்ததும் முடிந்துவிடும்.

புறப்பட ஏற்ற நேரம் காலை மணி 7.00. அப்போது வெளிச்சம் முழுதாக இருக்காது என்பதால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். கைப்பேசி வரைபடத்தைக் கார் முறையில் வைக்காதீர்கள். அது காஜாங் - சிரம்பான் நெடுஞ்சாலைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

மந்தினில் இடப்பக்கம் திரும்பியதும் காட்சியே மாறுகிறது. செம்பனை, ரப்பர், பழத்தோட்டம், கம்பத்து வீடுகள், கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரம். லெங்கெங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டராவது வேண்டும்.

மேடு பள்ளம் அதிகம் உள்ளது லெங்கெங்கிலிருந்து புரோகா வரையிலான பகுதியில். 100 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காட்டு ஏற்றம். புதியவர்களுக்கு அதற்கு மேலே போனால் மூச்சு வாங்கும். மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாறிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மாற்றினால் சங்கிலி கழன்றுவிடும். பாதையின் கடினத்தை முன்கூட்டியே அறிய ஓட்டிகளிடையே ஒரு கணக்கு உண்டு: மொத்த ஏற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 10 மீட்டர் வந்தால் மிதமான பாதை. சைக்கிள் செயலிகள் இந்த ஏற்றத்தைக் காட்டும்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அச்சம். வளைவில் லாரி கொட்டிய மணல் கிடக்கும், ஈர இலை கிடக்கும், சில நேரம் ஒரு செம்பனைப் பழமே உருண்டு கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். கம்பத்து நாய் துரத்தினால் சைக்கிளை ஆட்டாமல் நேராகப் போவதே உத்தமம். என் தாத்தா கையிருப்பில் பால் வாளியோடு தோட்டத்து மண் பாதையில் சைக்கிள் ஓட்டியவர். கியர் பற்றி அவரிடம் பேசினால் சிரிப்பார்.

புரோகாவிலிருந்து செமினிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வார இறுதியில் புரோகா மலை ஏறி இறங்குவோரின் கார்கள் இந்தச் சாலையில் நெரியும், சாலையோரம் நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறக்கவும் கூடும். ஒரு மீட்டர் விலகியே ஓட்டுங்கள். மணி 10.00 வாக்கில் திரும்பிவிடலாம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் மழை அடிக்கடி வருவதால் தாமதிக்காதீர்கள். எந்தச் சாலையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.