முன்காப்புக் கம்பி (பழைய வேன்கள்)

முன்காப்புக் கம்பி என்பது மோட்டார் வாகனம் ஒன்றின் முன்புறத்தில், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட மோதுதாங்கிக்கு (பம்பர்) மேலதிகமாகப் பொருத்தப்படும் இரும்புக் குழாய்ச் சட்டகம் ஆகும். பேச்சு வழக்கில் இது கார்டு, கிராஷ் கார்டு, புல் பார் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சாலைகளில் குறுக்கே பாயும் கங்காருக்களிடமிருந்து வண்டியின் விளக்குகளையும் ரேடியேட்டரையும் காப்பதற்காக இது பரவலாகப் பயன்பட்டது. இந்தியாவில் மாடு, நாய், நெரிசலில் உரசும் பிற வண்டிகள் ஆகியவையே இதைப் பொருத்துவதற்குச் சொல்லப்படும் காரணங்களாக இருந்தன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய வேன்களுக்கான கம்பிகள் பெரும்பாலும் கடையில் வாங்கப்பட்டவை அல்ல. வண்டியைப் பட்டறையில் நிறுத்தி, அளவெடுத்துச் செய்யப்பட்டவை. புதுச்சேரி நகரின் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டை போன்ற பகுதிகளில் இயங்கும் வெல்டிங், லேத் பட்டறைகளுக்கு இது பழகிய வகை வேலையே. (ஊர்ப் பெயரில் உள்ள தட்டான் என்னும் சொல் பொற்கொல்லரைக் குறிப்பது. உலோக வேலைக்கு ஊர்ப் பெயரும் பொருந்திவிட்டது.)

== பழைய வேன்களின் முன்பகுதி ==

கம்பி ஏன் பொருத்தப்பட்டது என்பதை அறிய, அக்கால வேன்களின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். காரில் ஓட்டுநருக்கு முன்னால் என்ஜினும் அதை மூடும் பானெட்டும் உள்ளன. பழைய வேன்கள் பலவற்றில் அவை முன்னால் இல்லை. சரக்கிற்கும் பயணிகளுக்கும் கூடுதல் இடம் கிடைப்பதற்காக ஓட்டுநர் இருக்கை முன் அச்சின் மீதோ அதற்குச் சற்று முன்னதாகவோ வைக்கப்பட்டது. ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையில் இருப்பது தகடும் சில வலுவூட்டுப் பட்டைகளும் மட்டுமே.

1950 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் பூனாவின் பஜாஜ் டெம்போ நிறுவனம் (2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) தயாரித்த மெட்டடார், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு 20 ஆகியன குறிப்பிடத்தக்கவை. மெட்டடார் என்னும் பெயர் பிற வேன்களையும் குறிக்கும் பொதுப்பெயராகவே மக்களிடையே வழங்கியது. 1984 இல் வெளிவந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் மாற்றம் பெற்று, 2019 வரை உற்பத்தியில் இருந்த மாருதி வேனிலும் என்ஜின் முன் இருக்கைகளின் கீழேயே இருந்தது.

இவ்வண்டிகளை ஓட்டியவர்களின் அச்சம் நியாயமற்றது அன்று. முகத்திற்கு முன் வெறும் தகடு இருக்கையில், இரண்டு அங்குலக் குழாய் ஒன்று இருந்தால் நல்லது என்றே எவருக்கும் தோன்றும். அந்தக் குழாய் எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதே இங்கு அறிய வேண்டியது.

== செய்யும் முறை ==

பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது நீர்க்குழாயாகவோ கட்டுமானக் குழாயாகவோ விற்கப்படும் மென் எஃகுக் குழாய் ஆகும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1239 இன்படி இக்குழாய்கள் இலகு, நடுத்தரம், கனம் என மூன்று வகைப்படும். அவற்றை அடையாளம் காண முறையே மஞ்சள், நீலம், சிவப்பு நிறப் பட்டைகள் இடப்படுகின்றன. கடையில் 'இரண்டு அங்குலக் குழாய்' எனப்படுவதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ. ஆகும். அதன் நடுத்தர வகையின் சுவர்த் தடிப்பு 3.6 மி.மீ., எடை மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., நடுத்தர வகையின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 3.6 கிலோ. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் ஆறேழு மீட்டர் குழாய் செல்லும் சட்டகத்தில் பத்துக் கிலோவாகிவிடும்.

வண்டியின் முகப்பு வளைவானது. எனவே மெல்லிய கம்பியை முகப்போடு ஒட்டி வளைத்து அச்செடுத்து, அதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்வர். குழாயை வளைக்கக் கைவளைப்பான் அல்லது நீரியல் வளைப்பான் பயன்படும். அவை இல்லாதபோது குழாயினுள் மணலை இறுகத் திணித்து, இரு முனைகளையும் அடைத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி வளைப்பது பழைய முறையாகும். மணல் உள்ளிருந்து தாங்குவதால் வளைவில் குழாய் நசுங்குவதில்லை. மணல் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது நீராவியாகி அடைப்பைக் குண்டுபோல வெளித்தள்ளும். இதனால் காயமுறுவோர் பெரும்பாலும் உலையருகே நிற்கும் உதவியாளரே.

குழாய்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் முனையை மற்றதன் வளைவுக்கேற்ப அரத்தாலோ கிரைண்டராலோ குடைந்து, இடைவெளியின்றிப் பொருத்திய பின்னரே பற்றவைக்க வேண்டும். இடைவெளியை வெல்டிங் உலோகத்தால் நிரப்பிச் செய்த இணைப்பு பார்வைக்குத் தடிப்பாக இருந்தாலும் அதிர்வில் முதலில் விரிவது அதுவே.

துத்தநாகம் பூசிய குழாயை (ஜி.ஐ. குழாய்) அப்படியே பற்றவைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகிறது. வெல்டிங் சுடரின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு அதிகம். வெளிப்படும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிர்காய்ச்சல், உடல்வலி, குமட்டல் ஆகியன தோன்றும். இது உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படுகிறது. பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் நிலவும் நம்பிக்கை மட்டுமே. பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முற்றிலும் தேய்த்து நீக்குவதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதுமே காப்பாகும்.

புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று குழாயின் உட்புறத்தையும் அரிக்கின்றது. இரு முனைகளையும் மூடிய குழாயில் மழைநீர் ஏதேனும் துளை வழியே புகுந்து, வெளியேற வழியின்றித் தேங்கினால், மேலே வண்ணம் பளபளக்க உள்ளே சுவர் மெலிந்துகொண்டிருக்கும். இதனால் தாழ்ந்த புள்ளிகளில் வடிகால் துளை இடப்படுகிறது.

== பொருத்துதல் ==

கம்பி எவ்வளவு வலுவானது என்பதைக் குழாயின் தடிப்பு தீர்மானிப்பதில்லை. அது எதனுடன் பிணைக்கப்படுகிறது என்பதே தீர்மானிக்கின்றது. அடிச்சட்டம் (சேசிஸ்) தனியாக உள்ள வண்டிகளில் இரண்டு நெடுஞ்சட்டங்களின் முன் முனைகளே இயல்பான பிடிப்பிடங்கள். அவற்றில் புதிதாகத் துளையிட நேர்ந்தால் சட்டத்தின் செங்குத்துச் சுவரில் இட வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் இடலாகாது, ஏனெனில் வளைவு விசை அங்குதான் உச்சமாக உள்ளது. கம்பியை நேரடியாகச் சட்டத்தோடு பற்றவைப்பதும் தவறு. வெல்டிங் வெப்பம் பட்ட இடத்தில் காலப்போக்கில் விரிசல் தொடங்கக்கூடும். தடித்த தகட்டுக் கவைகளைக் கம்பியோடு பற்றவைத்து, அக்கவைகளை உயர் இழுவலிமை கொண்ட போல்ட்டுகளால் (தலையில் 8.8 எனப் பொறிக்கப்பட்டவை) முடுக்குவதே முறை.

தனி அடிச்சட்டம் இல்லாமல், உடலே சுமைதாங்கும் வண்டிகளில் இப்பிடிப்பிடங்கள் இல்லை. ஃபோக்ஸ்வேகன் வேன், மாருதி வேன், பிரான்சின் நெளிதகட்டு உடல் கொண்ட சித்ரோயன் எச் (1947–1981) ஆகியவை இவ்வகையின. இவற்றின் அடித்தகட்டிலோ மோதுதாங்கியின் மெல்லிய கவைகளிலோ கம்பியை மாட்டினால், சிறு மோதலில் கம்பி வளையாது, அது மாட்டப்பட்ட தகடு கிழியும். இருநூறு ரூபாயில் தட்டி நிமிர்த்தியிருக்கக்கூடிய நெளிவு, அடித்தளமே கோணும் சேதமாக மாறுவது இவ்வாறுதான்.

எடையைப் பற்றியும் கூற வேண்டும். முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் 30 கிலோ கம்பி தொங்குவதாகவும், அச்சிடைத் தூரம் 2.4 மீட்டர் எனவும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி முன் அச்சின் சுமை 30 கிலோ அன்று, ஏறத்தாழ 41 கிலோ அதிகரிக்கும். பின் அச்சில் 11 கிலோ குறையும். காலியாக ஓடும் பழைய வேனில் பின் சக்கரங்களின் பிடி ஏற்கெனவே குறைவு. மழையில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது இது மேலும் குறையும்.

== மோதலின்போது நிகழ்வது ==

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றது. 1,500 கிலோ எடையுள்ள வேன் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதன் ஆற்றல் ஏறக்குறைய 1,450 ஜூல். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது 92,600 ஜூல், அதாவது 64 மடங்கு. பின்னோக்கி வரும் ஆட்டோ உரசும்போதும், வண்டி நிறுத்துமிடத்தில் சுவரில் இடிக்கும்போதும் கம்பி பயனளிப்பதை இவ்வெண்களால் விளங்கிக்கொள்ளலாம். அதே கம்பி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒன்றும் செய்ய இயலாததையும் இவையே காட்டுகின்றன.

ஓட்டுநரின் உயிரைக் காப்பது விறைப்பு அன்று, நசுங்கும் தூரம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அரை மீட்டர் நசுங்கி நின்றால் உள்ளிருப்பவர் மீது புவியீர்ப்பைப் போலச் சராசரியாகப் 13 மடங்கு வேகத்தடை ஏற்படும். 10 செ.மீ. தூரத்தில் நின்றால் அது 63 மடங்கு. பழைய வேனில் நசுங்குவதற்கு இடமே குறைவு. அந்தச் சிறு இடத்தையும் விறைப்பான சட்டகத்தால் அடைப்பது உதவியாகாது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே 1970களின் தொடக்கத்தில் தன் வேனின் முகப்பை மாற்றியமைத்தபோது, மோதுதாங்கிக்குப் பின்னால் மடிந்து ஆற்றலை உட்கொள்ளும் அமைப்பையே சேர்த்தது.

கம்பி பொருத்தினால் காற்றுப்பை உரிய நேரத்தில் விரியாது என்னும் வாதம் அடிக்கடி கூறப்படுகிறது. இந்தியாவில் 2019 சூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயம் என்பதால் புதிய வண்டிகளுக்கு இது முக்கியமான வாதமே. காற்றுப்பை அறவே இல்லாத மெட்டடாருக்கு இது பொருந்தாது. பழைய வண்டிக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டுவது சரியே. ஆனால் அடுத்த வாதத்திலிருந்து அவர்களுக்கும் விலக்கு இல்லை.

== நடந்து செல்வோர் ==

2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்பது மத்திய அரசின் கணக்கு. காரின் முன்புறம் மோதப்படுபவர் பெரும்பாலும் பானெட்டின் மீது சாய்கிறார். தட்டையான முகப்புக் கொண்ட வேனில் அதற்கு வாய்ப்பில்லை. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டு முன்னால் தள்ளப்படுகிறது. வெறும் தகடாக இருந்தால் அது ஓரளவு உள்வாங்கி, விசையைப் பரந்த பரப்பில் பகிரும். 60 மி.மீ. குழாய் உள்வாங்காது. முழு விசையையும் ஒரு கோட்டில் செலுத்தும். பல கம்பிகளின் மேற்குழாய் வளர்ந்தவருக்கு இடுப்பு, வயிற்று மட்டத்தில் இருக்கும். சிறு குழந்தைக்கு அது தலை மட்டம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் வெளியிட்ட 2005/66 எண் ஆணை இதனாலேயே முன்காப்பு அமைப்புகளைச் சோதனைக்கு உட்படுத்தியது. கால், தலை ஆகியவற்றை ஒத்த மாதிரி உருக்களை மோதவிட்டு, வரம்புக்குள் அடங்கும் அமைப்புகளுக்கே அனுமதி என்றானது. விறைப்பான எஃகுக் குழாய்களின் இடத்தை மென்பிளாத்திக்கு அமைப்புகள் பிடித்தது அதன் பின்னரே.

== சட்ட நிலை ==

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 திசம்பர் 7 அன்று மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், அனுமதியற்ற முன்காப்புக் கம்பிகள் இப்பிரிவை மீறுவன எனக் கூறி நடவடிக்கை எடுக்கப் பணித்தது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. வண்டி பழையது என்பதற்காக இதில் தளர்வு இல்லை.

பழமை வாய்ந்த வண்டிகளுக்கு வேறு ஒரு விதியும் உண்டு. 2021 சூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நாற்சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். பதிவெண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி முதல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்பதும் நிபந்தனைகள். 1970களின் தொடக்கத்து வேன்கள் இத்தகுதியை இப்போது எட்டியுள்ளன. கம்பி மாட்டுவதற்காக ஒருகாலத்தில் அடிச்சட்டத்தில் இட்ட துளைகளும், வெட்டி எறிந்த முதல் மோதுதாங்கியும் இவ்வண்டிகளின் உரிமையாளர்களுக்கு இன்று இடராகலாம்.

== கழற்றுதலும் மாற்று வழிகளும் ==

போல்ட்டில் மாட்டிய கம்பியைக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை. பற்றவைக்கப்பட்டதைச் சட்டத்தை ஒட்டி வெட்டாமல் சற்று விட்டு வெட்டி, எஞ்சியதைப் படிப்படியாகத் தேய்த்து எடுப்பர். வெட்டுவதற்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது வழக்கம். பிறகு சட்டத்தில் மயிரிழை விரிசல் உண்டா எனப் பார்த்து, துரு நீக்கி, சிவப்பு ஆக்சைடு பூச வேண்டும். வேனுக்குரிய பழைய மோதுதாங்கி பழைய இரும்புக் கடைகளில் கிடைக்காவிடில், அதே வடிவில் தகட்டில் அடித்துச் செய்விக்கலாம். கம்பியை வளைத்த அதே பட்டறைக்கு இது எளிய வேலையே.

ஓட்டுநரின் முழங்கால் பற்றிய அச்சம் இதனால் தீர்ந்துவிடுவதில்லை. இருக்கைப் பட்டை இல்லாமல் வந்த வேன்களில் அதை வலுவான தூணிலும் தரைச்சட்டத்திலும் பிணைத்துப் பொருத்துவது, பிரேக்கை முழுமையாகச் செப்பனிடுவது, மங்கிய முன்விளக்குப் பிரதிபலிப்பான்களை மாற்றுவது ஆகியன கம்பிக்கு ஆகும் செலவிலேயே பெருமளவு செய்யக்கூடியவை. இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் படுத்திருக்கும் மாட்டை நாற்பது மீட்டர் முன்னதாகவே காண உதவுவது விளக்குதான்.