மஜ்ஜைக்குள் ஒரு சிவப்புச் செல்

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். முடி கழன்றுவிடும். அந்த முடியில் இருப்பது கெரட்டின். அதே குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோகெரட்டின்தான், நுரையீரல் புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குள் ஒளிந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் புரதம்.

இந்த வட்டாரத்துக்கு இந்த நோய் அந்நியமல்ல. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுச்சென்றது. அதிலுள்ள அறுவிணைத்திறன் குரோமியத்தைத் தூசியாகச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். டேனரியில் போடும் குரோம் உப்பு மூவிணைத்திறன் கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கித் தொழிலாளிகளைப் பயமுறுத்துவது தவறு. பீடி, சிகரெட்டுப் புகைதான் இன்றும் முதல் எதிரி.

மஜ்ஜை ரத்தம் உற்பத்தியாகும் இடம். அங்குள்ள ரத்தச் செல்களில் சைட்டோகெரட்டின் கிடையாது. நுரையீரலின் உட்சுவர்ச் செல்களில் உண்டு. அவற்றிலிருந்து கிளைத்த புற்றுச்செல்லிலும் பெரும்பாலும் உண்டு. எனவே லட்சக்கணக்கான செல்களுக்கு நடுவே ஒன்றிரண்டு வந்து ஒட்டியிருந்தாலும், அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு தேடிவிடலாம். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவுக்குத் தயாரிக்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-ல் கண்டுபிடித்தார்கள்.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு தடித்த ஊசியை எலும்புக்குள் செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். மரத்திருந்தாலும் உறிஞ்சும் அந்தச் சில நொடி சுரீரென்று வலிக்கும். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அதன்மேல் நொதி ஏந்திய இன்னொரு ஆன்டிபாடி, பிறகு சாயம். நீல உட்கருக்களின் கூட்டத்தில் புற்றுச்செல் மட்டும் சிவந்து நிற்கும்.

கிளவுஸ் பான்டல் குழுவினர் 1996-ல் ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. வேறெங்கும் பரவியதாகத் தெரியாத 139 நுரையீரல் புற்றுநோயாளிகளில் 83 பேரின் மஜ்ஜையில் இத்தகைய செல்கள் இருந்தன. கட்டியை அறுத்தெடுத்த பிறகும் நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கு இது ஒரு விடை. ஆனால் அப்படிப்பட்ட செல் இருந்தவர்கள் எல்லாருக்கும் நோய் திரும்பிவிடுவதில்லை. அதனால்தான் எல்லா நோயாளிக்கும் இந்தச் சோதனையைச் செய்யும் வழக்கம் இன்னும் வரவில்லை.

காரணம் புரியாமல் ரத்த அணுக்கள் குறையும்போது நிலைமை வேறு. அப்போது மஜ்ஜையோடு சிறு எலும்புத் துண்டையும் எடுத்து, டிடிஎஃப்-1 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியால் பார்ப்பார்கள். உட்கரு பழுப்பானால் மூலம் நுரையீரலாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டுக் கட்டியும் அப்படிக் காட்டும் என்பதால் மற்ற சோதனைகளும் தேவை. எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தைப் பயன்படுத்தினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். டிஎன்ஏ நன்றாக இருந்தால் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்தையும் அதே துண்டிலேயே பார்க்கலாம். மாற்றம் இருந்தால் கெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள், மஜ்ஜைவரை பரவியவருக்கும் பலன் தரக்கூடும்.